டார்ச் சோதனையில் தோற்ற நல்ல கண்ணாடியும், யாரும் சோதிக்கக் கூடாத ட்யூப்பும்

கோவைப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடையில் டிஸ்ப்ளே கண்ணாடி மாற்றும்போது யூவி (புற ஊதாக் கதிர்) பசை போட்டு, அதை இறுக வைக்கும் விளக்கின் கீழ் வைப்பது இவருடைய தினசரி வேலை. கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலையில் ஆன்லைனில் மலிவான யூவி டார்ச் ஒன்றும், வெயில் பட்டால் நிறம் மாறும் சோதனை அட்டை ஒன்றும் வாங்கி, வீட்டில் உள்ள எல்லாக் கண்ணாடிகளையும் சோதித்திருக்கிறார். ஆப்டிகல் கடையில் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய, 'யூவி 400' என்று ஒட்டியிருந்த கண்ணாடி வழியாக டார்ச் அடித்தால் பின்னால் இருக்கும் வெள்ளைத் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்கிறது. பஸ் ஸ்டாண்டில் 150 ரூபாய்க்கு வாங்கிய கறுப்புக் கூலிங் கிளாஸ் வழியாக அடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. "நான் ஏமாந்துவிட்டேனா? இனி அந்த 150 ரூபாய் கண்ணாடியையே கடையிலும் வெயிலிலும் போடலாமா?" என்பது முதல் கேள்வி.

இரண்டாவது, கொரோனா காலத்தில் கிருமி நீக்குவதற்காக வாங்கிய யூவி ட்யூப் பற்றியது. போன மாதம் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி வந்தபோது அவர் அறையில் அதைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். ஒன்பது வயது மகள் அது தெரியாமல் உள்ளே போய் கால் மணி நேரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். நள்ளிரவில் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டது போல வலி, கண்ணீர், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம். நெற்றியும் கன்னமும் சிவந்திருந்தன. பாட்டி தாய்ப்பால் விடச் சொன்னார். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்தும் வாங்கி வந்தார்கள். இரண்டு நாளில் சரியாகிவிட்டதால் 'மெட்ராஸ் ஐ' என்று முடிவு செய்துகொண்டார்கள். ட்யூப்பை செல்போன் கேமராவில் பார்த்தால் மங்கலான நீலம்தான் தெரிகிறது, தாளும் டார்ச் அளவுக்கு ஒளிரவில்லை, அதனால் அது பலவீனமானதுதான் என்று நினைக்கிறார். பெரியவர் அதை மறுபடி போடச் சொல்கிறாராம். போடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கண்ணாடிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள், மகளைப் பற்றிச் சில வரிகள்தான். நான் அந்தச் சில வரிகளிலிருந்து தொடங்குகிறேன். இதைப் படித்ததும் அந்த ட்யூப்பின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

அது மெட்ராஸ் ஐ இல்லை

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வெல்டிங் தொழிலாளர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல் தோலைச் சுட்டுவிடுவதால் வருவது. கதிர் படும்போது ஒன்றும் தெரியாது. சூடு இருக்காது, எரிச்சல் இருக்காது. பாதிக்கப்பட்ட செல்கள் சில மணி நேரம் கழித்துத்தான் உதிரத் தொடங்கும். அப்போது அடியில் இருக்கும் நரம்பு நுனிகள் வெளியே தெரிய, வலி உயிரை வாங்கும். சாயங்காலம் வெல்டிங் அடித்தவர் நடுராத்திரியில் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வருவது இதனால்தான். உங்கள் மகளுக்கும் அதே கணக்கில்தான் வந்திருக்கிறது.

மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி அடுத்ததற்குப் பரவும், பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், வாரக்கணக்கில் இழுக்கவும் செய்யும். வீட்டில் வேறு யாருக்காவது தொற்றவும் வாய்ப்பு உண்டு. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. இருப்பது ஒரே நேரத்தில் இரண்டு கண்ணிலும் வலி, இரண்டே நாளில் குணம், கூடவே முகத்தில் வெயில் சுட்டது போன்ற சிவப்பு. முகச் சிவப்புதான் எனக்குச் சந்தேகமே இல்லாமல் செய்தது. மெட்ராஸ் ஐ கிருமி நெற்றியைச் சிவக்க வைக்காது.

நீங்கள் பயந்துபோகாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். கிருமிநாசினி ட்யூப்பிலிருந்து வரும் கதிர் கருவிழியின் மேல் அடுக்குகளிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கண்ணின் லென்ஸுக்கோ விழித்திரைக்கோ அது போய்ச் சேருவது அரிது. கருவிழியின் மேல் தோல் வேகமாக வளரக்கூடியது. ஒரு தடவை பட்டது வழக்கமாக 24 முதல் 72 மணி நேரத்தில் தழும்பில்லாமல் ஆறிவிடும். இருந்தாலும் ஒரு தடவை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு சொட்டு மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்போம். தோல் உரிந்த இடம் இருந்தால் பச்சையாக ஒளிரும். வலிக்காது.

அந்த இரவு செய்தவற்றில் இரண்டைத் திருத்த வேண்டும். தாய்ப்பால் வேண்டாம். தோல் உரிந்த கருவிழியில் கிருமி நுழைய அது வழி செய்யும். உருளைக்கிழங்கு வைப்பது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாவற்றுக்கும் இதுவே பதில். பாட்டி பாசத்தில் சொன்னார், அவரைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் என்ன சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பாட்டிலை மருத்துவரிடம் கொண்டு போங்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து வலியை நொடியில் நிறுத்தும், ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது. ஸ்டீராய்டு கலந்ததும் டாக்டர் பார்க்காமல் விடக்கூடாது. இப்படி நடந்தால் செய்ய வேண்டியது: கண்ணைக் கசக்காமல் இருப்பது, கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றுவது, மூடிய இமை மேல் குளிர்ந்த சுத்தமான துணி, வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால், இருட்டான அறையில் ஓய்வு. காலையில் மருத்துவரிடம். இரண்டு நாளுக்கு மேல் வலி நீடித்தாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ தாமதிக்கக் கூடாது.

அந்த ட்யூப்பைச் சோதிக்கவே வேண்டாம்

ட்யூப் மங்கலாக எரிவதால் பலவீனமானது என்பது இயல்பாக வரும் எண்ணம்தான், ஆனால் உண்மை நேர் எதிரானது. புற ஊதாக் கதிரை அதன் அலைநீளத்தை வைத்து மூன்றாகப் பிரிப்போம். 315 முதல் 400 நானோமீட்டர் வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, அதற்குக் கீழே 100 வரை யூவி-சி. சூரியனிலிருந்து வரும் யூவி-சி காற்று மண்டலத்திலேயே தடுக்கப்பட்டுவிடுவதால் பூமியில் நம் கண்ணோ தோலோ அதைச் சந்திப்பதே இல்லை. கிருமிநாசினி ட்யூப் அதைத்தான் வீட்டுக்குள் உருவாக்குகிறது. அதற்குள் இருக்கும் பாதரச ஆவி உமிழ்வதில் மிகப் பெரும் பங்கு 254 நானோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் நீலம் ஓரத்தில் சிந்தும் கொஞ்சம் வெளிச்சம் மட்டுமே. செல்போன் கேமராவின் லென்ஸும் யூவி-சியை உள்ளே விடாது, அதனால் கேமராவில் மங்கலாகத் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தாளில் ஒளிரும் பூச்சும் டார்ச் வெளிச்சத்துக்கு நன்றாக வேலை செய்வது போல இந்த அலைநீளத்துக்குச் செய்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 254 நானோமீட்டருக்கு, பாதுகாப்புக்கான சர்வதேச வரம்பு ஒரு நாள் வேலை நேரம் முழுவதற்கும் சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல். வீட்டில் மாட்டும் அளவுள்ள ட்யூப் ஒன்று ஒரு மீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 மில்லிவாட் தரும் என்று வைத்துக்கொண்டால், அந்த நாளுக்கான மொத்த அளவும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். உங்கள் மகள் கால் மணி நேரம் இருந்திருக்கிறாள். குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேராகப் படவில்லை என்பது அவளுடைய நல்ல நேரம்.

மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை அறையில் இதே மாதிரி ட்யூப் இருக்கும். ஆள் யாரும் இல்லாத நேரத்தில், கதவைப் பூட்டி, ஸ்விட்சை வெளியே வைத்துத்தான் போடுவார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை, குழந்தை ஓடியாடும் வீட்டில் அதை நம்பவும் முடியாது. கையையோ தோலையோ சுத்தம் செய்ய யூவி விளக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா காலத்திலேயே சொன்னது. கையில் பிடித்துக் காட்டும் சில யூவி கோல்கள் ஆபத்தான அளவு கதிரை வெளிவிடுகின்றன என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022இல் எச்சரித்தது. இன்னொரு பக்கம், 'யூவி கிருமிநாசினி' என்று விற்கப்பட்ட சில மலிவான எல்.இ.டி. விளக்குகளில் இருப்பது 395, 400 நானோமீட்டர் ஊதா வெளிச்சம் மட்டும்தான், அவற்றுக்குச் சொல்லிக்கொள்ளும்படி கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. ஆக, வேலை செய்யும் ட்யூப் குழந்தையைச் சுடும், சுடாத விளக்கு வேலையே செய்யாது. இரண்டில் எது உங்களிடம் இருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க முயல்வதே வேண்டாத ஆபத்து. உங்களிடம் இருப்பது முதல் வகை என்பதைத்தான் மகளின் கண் ஏற்கெனவே சொல்லிவிட்டதே.

தூக்கிப் போடும்போது உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டி இன்னும் இருக்கிறது, அதில் 'குடும்பத்துக்கு முழுப் பாதுகாப்பு' என்று போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியையும் பில்லையும் வைத்திருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கும்போது போடக் கூடாது என்ற எச்சரிக்கையே இல்லாமல் இப்படி ஒரு பொருளை விற்றது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் கேள்வி கேட்கக்கூடிய விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டதால் நாள் கணக்கை எங்கிருந்து வைப்பது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் பார்த்து எழுதித் தரும் சீட்டு அதற்கும் உதவும். பணம் திரும்ப வருகிறதோ இல்லையோ, அந்த விற்பனைப் பக்கம் மூடப்பட்டால் இன்னொரு குழந்தைக்கு நல்லது.

டார்ச் ஏன் தலைகீழான பதில் சொன்னது

இனி கண்ணாடிக்கு வருவோம். நீங்கள் ஏமாறவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் டார்ச் ஏமாற்றியிருக்கிறது.

மலிவான யூவி டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். எரியவிட்டால் ஊதா நிறம் நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் அடையாளம். எல்.இ.டி. ஒரே அலைநீளத்தில் ஒளி விடாது, அந்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் சிந்தும். 395 என்றால் ஏறக்குறைய 385இல் தொடங்கி 410 வரை போகும். 'யூவி 400' லென்ஸ் 400 வரைதான் தடுப்பதாக வாக்குக் கொடுக்கிறது. அதற்கு மேல் உள்ள ஊதா, கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதை அந்த லென்ஸ் விடுவது குறையே இல்லை. ஆனால் வெள்ளைத் தாளில் சேர்த்திருக்கும் வெண்மைப் பூச்சு அந்த ஊதாவுக்கும் ஒளிரும். நீங்கள் பார்த்தது அதுதான்.

150 ரூபாய் கண்ணாடி எப்படி ஜெயித்தது? கறுப்பாக இருப்பதால். அது எல்லா வெளிச்சத்தையும் மங்கலாக்குகிறது, பின்னால் தாள் கொஞ்சம் ஒளிர்ந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்புச் சாயம் வேறு, யூவி தடுப்பு வேறு. தெளிவான நிறமற்ற பாலிகார்பனேட் லென்ஸ் 380 நானோமீட்டர் வரை தானாகவே தடுத்துவிடும். கறுப்பாக இருந்தும் யூவி-ஏயைக் கணிசமாக விடும் லென்ஸும் இருக்க முடியும். அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தால், உள்ளே இருட்டாக இருப்பதால் கண் பாப்பா விரியும், கூசாததால் கண்ணைச் சுருக்கவும் மாட்டோம். கண்ணாடியே போடாமல் இருப்பதை விட அதிகக் கதிர் உள்ளே போக அது வழி செய்துவிடலாம். அந்த 150 ரூபாய் கண்ணாடி கட்டாயம் அப்படித்தான் என்று சொல்லவில்லை. மலிவானதிலும் நல்ல லென்ஸ் உண்டு. உங்கள் சோதனையை வைத்து இரண்டில் எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே விஷயம்.

டார்ச்சைப் பார்த்தபோது கண் முன்னால் பால் போல ஒரு மூட்டம் தெரிந்தது, கண்ணில் புரை விழுந்துவிட்டதோ என்றும் கேட்டிருந்தீர்கள். புரை இல்லை. உங்கள் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே அந்தக் கதிரில் ஒளிர்கிறது, தாள் ஒளிர்ந்தது போல. கதிர் உங்கள் கண்ணுக்குள் நேராகப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிவிப்பு கிடையாது. டார்ச்சின் முகத்தைப் பார்க்காதீர்கள். மகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்வதானால்

ஆர்வம் இருப்பதால் சொல்கிறேன், ஒழுங்காகச் செய்தால் இதில் பயனும் இருக்கிறது. முதலில் டார்ச் 365 நானோமீட்டராக இருக்க வேண்டும், அதன் முகப்பில் கறுப்பு நிற வடிகட்டிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. கள்ள நோட்டுப் பார்க்கும் நல்ல விளக்குகள் இந்த வகைதான். எரியவிட்டால் வெளிச்சம் சாம்பல் கலந்து மங்கலாகத்தான் தெரியும்.

அடுத்தது, எது மேல் அடித்துப் பார்ப்பது என்பது. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். சர்ஜிகல் ஸ்பிரிட்டில் மஞ்சள் தூள் கரைத்தால் அழகாகப் பச்சை மஞ்சளாக ஒளிரும், ஆனால் அது நீல வெளிச்சத்துக்கும் ஒளிர்வதால் நம்ப முடியாது. வெள்ளைத் தாளும் அப்படியே. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் டானிக் வாட்டர் நல்லது. அதில் இருக்கும் கொயினா (குவினைன்) 350 நானோமீட்டர் பக்கம்தான் அதிகமாக உறிஞ்சி நீலமாக ஒளிரும், 400க்கு மேல் உள்ள ஊதாவுக்கு அசையாது. நிறமில்லாத கிளாஸில் ஊற்றி, இருட்டறையில் மேலே இருந்து, தண்ணீருக்கு நேராக அடியுங்கள். டார்ச்சுக்கும் தண்ணீருக்கும் நடுவில் லென்ஸை வைத்தால் ஒளிர்வு அணைந்துவிட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் செய்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. பழைய போட்டோ ஃப்ரேமின் சாதாரணக் கண்ணாடித் துண்டை முதலில் நடுவில் வையுங்கள். அது 365ஐ நன்றாக விடும், ஒளிர்வு அப்படியே இருக்கும். இருந்தால் உங்கள் ஏற்பாடு வேலை செய்கிறது என்று பொருள். கறுப்பு லென்ஸுக்கு இன்னொரு படி வேண்டும். சாதாரண வெள்ளை டார்ச்சை அதே லென்ஸ் வழியாக அடித்து வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். யூவி ஒளிர்வும் அதே அளவுக்கு மட்டும் குறைந்தால் அது வெறும் சாயம். சாயத்தின் அளவைத் தாண்டி முழுசாக மறைந்தால்தான் தடுப்பு. கண்ணால் இதை மதிப்பிடுவது கடினம், அதனால் ரொம்பக் கறுப்பான லென்ஸை இந்த முறையில் பாஸ் போடாதீர்கள். லென்ஸ் தோற்றால் நம்பி ஒதுக்கிவிடலாம். ஜெயித்தால் அது பாதி உறுதிதான்.

நிறம் மாறும் அட்டை அவ்வளவு மோசமில்லை. வெயிலில் அட்டை மேல் லென்ஸை ஒட்டி வைத்து, ஓரங்களில் வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கள். பக்கத்தில் மூடாத பகுதியும் இருக்கட்டும். ஆனால் இந்தச் சாயங்கள் சூடானால் வெளிறும். மத்தியான வெயிலில் சூடேறிய அட்டையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

ஒரே நம்பரைக் காட்டும் சின்ன யூவி மீட்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சூரியனுக்காக அளவு செய்த மீட்டர் உங்கள் பசை விளக்கின் கீழ் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. அதை விடச் சுலபமான வழி இருக்கிறது. பவர் பார்க்கும் ஆட்டோ லென்ஸோமீட்டர் பலவற்றில் யூவி எத்தனை சதவீதம் போகிறது என்பதும் வரும். வாங்கிய ஆப்டிகல் கடைக்கே போய், வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. 'யூவி 400' என்று விற்றவர் அதைக் காட்டக் கடமைப்பட்டவர். அங்கே நீல லேசர் பேனா ஒன்றை அடித்து 'பாருங்க சார், ப்ளூ கட்' என்று காட்டினால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அந்தப் பேனா சுமார் 405 நானோமீட்டர். அது அணைவது யூவி அளவீடு ஆகாது. நீல ஒளியைக் குறைக்கும் ப்ளூ கட் கண்ணாடியால் கணினிக் களைப்புக் குறைவதாகவும் தெரியவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதற்கென்று கூடுதல் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம்.

கடையில் இருக்கும் விளக்கு

இங்கேதான் உங்கள் டார்ச் சோதனை ஆர்வத்துக்கு உண்மையான பயன் இருக்கிறது. பசை இறுக்கும் விளக்கு 365 முதல் 405 வரை உள்ள யூவி-ஏ, ஊதா வகை. ட்யூப் அளவுக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் தினமும் பல மணி நேரம், வருடக்கணக்கில் என்பதால் அலட்சியம் கூடாது. 2023 நவம்பரில் ஹாங்காங்கில் நடந்த ஒரு கொண்டாட்டத்தில் அலங்காரத்துக்கு வைத்த விளக்குகளில் யூவி-ஏ கலந்திருந்ததால் பலர் மறுநாள் கண்வலியோடு எழுந்தார்கள். ஒரே இரவில் நடந்தது அது.

மூடி போட்ட பெட்டி வகை விளக்கு வைத்திருந்தால் நல்லது. திறந்த விளக்கானால் ஆரஞ்சு அல்லது மஞ்சள் அக்ரிலிக் தகடால் மூன்று பக்கமும் முன்பக்கமும் மறைப்பு செய்துகொள்ளுங்கள், யூவி தடுக்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். பிறகு கடை விளக்கை அணைத்துவிட்டு, யூவி விளக்கைப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளை மறைப்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டு போங்கள். எங்கே தாள் ஒளிர்கிறதோ அங்கே கசிகிறது. இந்த இடத்தில் தாள் ஊதாவுக்கும் ஒளிர்வது நமக்குச் சாதகம்தான், கசிவு எதுவானாலும் காட்டிக்கொடுத்துவிடும். வேலை செய்யும்போது உங்கள் வெள்ளைச் சட்டையின் கை நீலமாகத் தெரிந்தால் அதுவும் கசிவுதான், சலவைத் தூளில் அதே வெண்மைப் பூச்சு இருக்கிறது. விரல்களுக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள்.

கறுப்புக் கூலிங் கிளாஸ் கடைக்குள் வேண்டாம். வேலை தெரியாமல் குனிந்து இன்னும் கிட்டப் போவீர்கள். தெளிவான பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி, பக்கவாட்டு மறைப்போடு, போதும். பவர் கண்ணாடி போடுபவரானால் அதற்கு மேலேயே மாட்டும் வகை கிடைக்கும்.

வெயிலுக்கு

தமிழ்நாட்டில் கோடை மத்தியானங்களில் யூவி குறியீடு 11ஐத் தாண்டும். உலக அளவுகோலில் அதுவே உச்சப் பிரிவு. நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருக்கும் நேரம் கதிர் கடுமை என்று வைத்துக்கொள்ளலாம், மீட்டர் வேண்டாம். ஊட்டியில் குளிராக இருப்பதால் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் யூவி ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மேலேயும் பக்கத்திலும் புகும் கதிரை அது தடுக்காது. அகலமான விளிம்புத் தொப்பியும், முகத்தோடு ஒட்டிய பெரிய பிரேமும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. மகளுக்கும் ஒன்று வாங்குங்கள். குழந்தைகளின் கண் லென்ஸ் பெரியவர்களுடையதை விடத் தெளிவானது, கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். பொம்மைக் கடைக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், ஆப்டிகல் கடையில் அளந்து காட்டியதை வாங்குங்கள்.

பெரியவரிடம் ட்யூப் இல்லை என்று சொன்னால் வருத்தப்படுவார், அவர் பயம் நியாயமானது. அவர் அறையின் ஜன்னல்களை இரண்டு பக்கமும் திறந்து காற்றோட்டம் விடுங்கள், போர்வையையும் தலையணை உறையையும் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காய வையுங்கள், கதவுப் பிடியையும் மேசையையும் துடையுங்கள், சளி இருக்கும் நாட்களில் பேத்தியோடு இருக்கும்போது மாஸ்க் போடச் சொல்லுங்கள். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் அவர் வயதுக்கு வேண்டுமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கேளுங்கள். சளி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மாலையில் காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ காத்திருக்காமல் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.